விற்கும் முன் ஒரு வார்த்தை



உங்களில் பலர் கடையில் வேலை பார்ப்பவர்கள். சிலர் சொந்தமாகக் கடை வைத்திருப்பவர்கள். துணிக் கடை, மளிகைக் கடை, இட்லிக் கடை என்று கடைகள் பல. ஆனால் எல்லாக் கடைக்கும் ஒன்று பொது. சிரித்த முகத்தோடு வரும் வாடிக்கையாளர் உண்டு. சிவந்த கண்ணோடு வருபவரும் உண்டு.

கோபமாக வருபவரிடம் எப்படிப் பேசுவது? அதுதான் இன்றைய பேச்சு.

இதற்கு ஒரு வண்ண மீன் கடையை எடுத்துக்கொள்வோம். ஏன் மீன் கடை? மற்ற கடையில் விற்பது பொருள். இங்கே விற்பது உயிர். சட்டை கிழிந்தால் தைக்கலாம். செருப்பு அறுந்தால் ஒட்டலாம். செத்த மீனை என்ன செய்வது? அதனால் இந்தக் கடையில் சண்டை அதிகம். குழந்தைகளின் அழுகையும் அதிகம்.

இது ஒரே ஒரு கடையில் நடந்தது அல்ல. மீன் கடைகளில் அன்றாடம் நடப்பவற்றைச் சேர்த்துச் சொன்ன கதை. அதனால் இதில் வரும் யாருக்கும் பெயர் இல்லை.

தாராவித் தம்பி

மும்பையில் மாட்டுங்கா என்று ஒரு பகுதி. தமிழர்கள் பல தலைமுறையாக வாழும் இடம். பக்கத்தில் தாராவி. திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்கப் போனவர்கள் 100 வருடங்களுக்கு முன்பே அங்கே குடியேறினார்கள். தோல் பதனிடும் வேலை செய்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்று பல வேலைகளில் இருக்கிறார்கள். கொஞ்சம் தள்ளிப் போனால் செம்பூர். அங்கேயும் தமிழர்கள் உண்டு.

தாராவியில் ஒரு தம்பி. வயது 20. சின்ன வயதில் பள்ளிக்கூடம் போகவில்லை. இரவு வகுப்பில் சேர்ந்துதான் எழுதப் படிக்கக் கற்றான். மாட்டுங்காவில் ஒரு வண்ண மீன் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். தொட்டி கழுவுவான். மீன் பிடித்துப் பையில் போடுவான். பில் எழுதுவான்.

அந்தக் கடையில் ஒரு பெரியவரும் வேலை பார்த்தார். 30 வருடமாக மீனோடு பழகியவர். எல்லோரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவார்கள். முதலாளியைச் சேட் என்பார்கள்.

6 தங்க மீன்கள்

ஒரு திங்கட்கிழமை காலை. கடை திறந்து 10 நிமிடம் ஆகியிருக்கும். செம்பூரிலிருந்து ஒருவர் வந்தார். கையில் ஒரு பாலித்தீன் பை. பைக்குள் 3 தங்க மீன்கள். மூன்றும் செத்துப் போயிருந்தன.

"ஏம்பா, சனிக்கிழமை 6 மீன் வாங்கினேன். மூணு செத்துப் போச்சு. மீதி மூணும் இழுத்துக்கிட்டுக் கிடக்கு. நோய் பிடிச்ச மீனையா விக்கிறீங்க? என் பையன் ராத்திரி பூரா தூங்கலை!"

தம்பிக்கும் கோபம் வந்தது.

"குடுக்கும்போது நல்லாத்தான் சார் இருந்துச்சு. நீங்கதான் வீட்ல ஏதோ பண்ணியிருக்கீங்க."

அவ்வளவுதான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது போல ஆயிற்று. செம்பூர்க்காரர் கத்தினார். தம்பியும் குரலை உயர்த்தினான். தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். மீன் வாங்க வந்த இரண்டு பேர் திரும்பிப் போய்விட்டார்கள்.

சேட் ஓடி வந்தார். மன்னிப்புக் கேட்டார். 3 தங்க மீன்களை இலவசமாகக் கொடுத்தார். செம்பூர்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே போனார். அவர் போன பிறகு சேட் தம்பியிடம் சொன்னார்: "இன்னொரு தடவை கடையில் சண்டை வந்தால் நீ வேறு வேலை பார்த்துக்கொள்."

தம்பிக்கு மனம் உடைந்து போயிற்று. அவன் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போகிறது. தங்கை படிக்கிறாள். வேலை போனால் என்ன செய்வது?

அண்ணாச்சி மெல்ல வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, சேட் குடுத்தாரே மூணு மீன். அதுவும் செத்துரும்."

"ஏன் அண்ணாச்சி? நல்ல மீன்தானே?"

"மீன் நல்ல மீன்தான். தண்ணிதான் கெட்ட தண்ணி."

தயிருக்கு உறை போல

அண்ணாச்சி சொன்னதை நீங்களும் கேளுங்கள். மீன் வளர்க்கும் யாருக்கும் இது பயன்படும்.

மும்பையில் மாநகராட்சி குழாயில் தண்ணீர் விடுகிறது. கிருமிகளைக் கொல்ல அதில் குளோரின் கலக்கிறார்கள். நாம் குடிக்க அது நல்லது. மீனுக்கு அது விஷம். மீனின் செவுளை அது புண்ணாக்கிவிடும். அதனால் குழாய்த் தண்ணீரை வாளியில் பிடித்துத் திறந்து வைக்க வேண்டும். ஒரு நாள் முழுவதும் அப்படியே வைத்தால் குளோரின் பெரும்பாலும் காற்றில் போய்விடும். அவசரம் என்றால் குளோரினை நீக்கும் மருந்து உண்டு. மீன் கடையிலேயே கிடைக்கும். சில சொட்டுகள் போதும்.

இது முதல் காரணம். இரண்டாவது காரணம் இதைவிடப் பெரியது.

மீன் தின்னும். கழிவை விடும். அதன் செவுள் வழியாக அம்மோனியா என்ற பொருள் வெளியே வரும். கழுவாத மூத்திரக் கொட்டகையில் மூக்கைத் துளைக்கும் நெடி வருகிறதே, அதுதான் அம்மோனியா. ஆற்றில் ஓடுகிற தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போகும். தொட்டியில் எங்கே போகும்? மீனின் கழிவே மீனைக் கொல்லும்.

அப்படியானால் பழைய தொட்டியில் மட்டும் மீன் எப்படி வாழ்கிறது? அங்கே நல்ல கிருமிகள் இருக்கின்றன. அவை ஃபில்டர் பஞ்சிலும் அடியில் போட்ட கல்லிலும் குடியிருக்கின்றன. அம்மோனியாவைத் தின்று, தீங்கு குறைந்த பொருளாக அவை மாற்றிவிடுகின்றன. பாலில் உறை ஊற்றினால் தயிராகிறது அல்லவா? அதுவும் நல்ல கிருமியின் வேலைதான். அதுபோலத்தான் இது.

புதுத் தொட்டியில் அந்தக் கிருமி இல்லை. அது தானாக வளர்ந்து நிறைய 4 முதல் 6 வாரம் ஆகும். அதற்குள் நிறைய மீன்களை விட்டால் அவை தாங்காது.

"இதுக்கு வழியே இல்லையா அண்ணாச்சி?" என்று தம்பி கேட்டான்.

"இருக்கு. தயிருக்கு உறை ஊத்துற மாதிரி, பழைய தொட்டியோட ஃபில்டர் பஞ்சைக் கொஞ்சம் புதுத் தொட்டில போடணும். பஞ்சு எடுக்கிற தொட்டில நோய் இருக்கக் கூடாது. அப்புறம் முதல்ல ரெண்டு சின்ன மீன் மட்டும் விடணும். தீனியைக் குறைக்கணும். பொறுமை வேணும்."

பிறகு அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த செம்பூர்க்காரர் எவ்வளவு பெரிய தொட்டி வாங்கினார்?"

தம்பி பில் புத்தகத்தைப் புரட்டினான். 1 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். வாய் வரை நிரப்பினாலும் 28 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். தொட்டியும் 6 தங்க மீன்களும் ஒரே நாளில் விற்கப்பட்டிருந்தன. தங்க மீன் நிறையத் தின்னும். நிறையக் கழிவு விடும். 28 லிட்டர் ஒரு தங்க மீனுக்கே போதாது.

பில்லில் இருந்த கையெழுத்து யாருடையது? தம்பியுடையதுதான்.

'கொடுக்கும்போது நன்றாக இருந்தது' என்று காலையில் சொன்னான். அது பொய் இல்லை. ஆனால் பாதி உண்மை. மறு பாதியை அவன் சனிக்கிழமையே சொல்லியிருக்க வேண்டும்.

ஒரு போன்

பில்லில் செம்பூர்க்காரரின் போன் எண் இருந்தது. தம்பி கொஞ்ச நேரம் தயங்கினான். பிறகு போன் செய்தான்.

"சார், மீன் கடையிலிருந்து பேசறேன். காலைல நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. மன்னிச்சுக்கோங்க. இப்ப கொண்டு போன மீனைத் தொட்டில விட்டுட்டீங்களா?"

"இன்னும் விடலை. எதுக்குக் கேக்கிற?"

"விடாதீங்க சார். குழாய்த் தண்ணியை நேராத்தான் ஊத்தினீங்களா?"

"ஆமா. வேற எப்படி ஊத்துவாங்க? எங்களுக்குத் தண்ணி வர்ற நேரமே கொஞ்சம்."

"தப்பு எங்க மேலதான் சார். நாங்க சொல்லியிருக்கணும். புது மீனைக் கடைக்கே கொண்டு வந்துடுங்க. எங்க தொட்டில உங்களுக்காக வெச்சிருக்கேன். வரும்போது குளோரின் எடுக்கிற மருந்தும் பழைய ஃபில்டர் பஞ்சும் தர்றேன்."

வீட்டில் இருந்த 3 மீன்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்றும் தம்பி சொன்னான். இன்று தீனி போட வேண்டாம். ஏர் பம்பை நிறுத்த வேண்டாம். தொட்டித் தண்ணீரில் கால் பங்கை எடுத்துவிட வேண்டும். மருந்து விட்ட நல்ல தண்ணீரை அந்த அளவுக்கு ஊற்ற வேண்டும். தினமும் இதையே செய்ய வேண்டும்.

சாயங்காலம் செம்பூர்க்காரர் வந்தார். அதிகம் பேசவில்லை. புது மீனைக் கொடுத்தார். மருந்தையும் பஞ்சையும் வாங்கிக்கொண்டு போனார். வீட்டில் இருந்த மூன்றில் ஒன்று மறுநாள் செத்தது. இரண்டு பிழைத்தன.

அன்று இரவு தம்பி தன் நோட்டில் எழுதினான்: 'கோபமாக வருகிறவரிடம் முதலில் பதில் சொல்லக் கூடாது. முதலில் கேட்க வேண்டும்.'

அவசரக்காரர்

அடுத்த வாரம் மாட்டுங்கா மாமி ஒருவர் வந்தார்.

"நாளைக்குப் பேரனுக்குப் பிறந்த நாள். தொட்டியும் 10 மீனும் இன்னிக்கே வேணும்."

தம்பி எடுத்துச் சொன்னான். இன்று தொட்டியைக் கொண்டு போகலாம். கல், செடி, ஃபில்டர் வைத்து ஓட விடலாம். பேரன் அதைப் பார்த்தே மகிழ்வான். ஒரு வாரம் கழித்துப் பேரனே வந்து இரண்டு கப்பி மீன்களைப் பொறுக்கி எடுக்கட்டும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

மாமிக்குப் பிடிக்கவில்லை. "வெறும் தண்ணித் தொட்டியையா பிறந்த நாளுக்குக் குடுக்கறது? வேற கடையில தருவான்" என்று போய்விட்டார்.

சேட் முறைத்தார். "வந்த வியாபாரத்தை விரட்டுகிறாயா?"

தம்பி பயந்துபோய் நின்றான். அண்ணாச்சி சொன்னார்: "இன்னைக்குப் போன வியாபாரம் ஒண்ணு. சண்டை வந்து போற வியாபாரம் பத்து. விடுங்க சேட்."

நான்கு நாள் கழித்து அதே மாமி வந்தார். முகம் வாடியிருந்தது. வேறு கடையில் 10 மீன் வாங்கினாராம். 4 செத்துவிட்டன. மற்றவை தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

இந்த இடத்தில் பலர் என்ன சொல்வார்கள்? "நான் அப்பவே சொன்னேனே!" என்பார்கள். தம்பிக்கும் அது நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மாமி தலை குனிந்து போயிருப்பார். திரும்பி வந்திருக்க மாட்டார்.

"இன்னும் ஆறு இருக்கில்ல மாமி, காப்பாத்திடலாம். தொட்டி எத்தனை அடி?" என்று மட்டும் கேட்டான்.

பேரம் பேசுபவர்

தம்பியின் தெருவிலிருந்தே ஒரு அக்கா வந்தார்.

"என்னடா தம்பி, கப்பி ஜோடி 40 ரூபாயா? கிராஃபோர்ட் மார்க்கெட்டுல பாதி விலைக்குத் தர்றான். நம்ம தெருப் பையன் நீ, எனக்கே இந்த விலையா?"

கிராஃபோர்ட் மார்க்கெட் 1869 முதல் இருக்கும் பெரிய சந்தை. இப்போது அதன் பெயர் மகாத்மா ஜோதிபா புலே மண்டி. அங்கே வளர்ப்பு மீன் கடைகளும் உண்டு. அங்கே விலை குறைவாக இருந்தால் இருக்கலாம். தம்பி அதை மறுக்கவில்லை. அந்தக் கடைகளைக் குறை சொல்லவும் இல்லை. தன் கடையில் என்ன நடக்கிறது என்று மட்டும் சொன்னான்.

மீன் தூரத்திலிருந்து வருகிறது. கொல்கத்தா பக்கத்திலிருந்து வரும். சென்னை கொளத்தூரிலிருந்து வரும். பையில் ஒரு பங்கு தண்ணீர் இருக்கும். மீதி ஆக்சிஜன் காற்று. மணிக்கணக்கில் மீன் அதற்குள் கிடக்கும். வந்து இறங்கும்போது களைத்திருக்கும். சில மீனுக்கு நோய் இருக்கும். உடனே விற்றால் விலை குறைக்கலாம். இந்தக் கடையில் ஒரு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்க்கிறார்கள். செத்தது கடைக்கு நஷ்டம். பிழைத்தது வாடிக்கையாளருக்கு. அந்த நஷ்டமும் விலையில் சேர்ந்திருக்கிறது.

"அக்கா, விலை குறைக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா நல்லாத் தின்னுற, நல்லா நீந்துற ஜோடியா நீங்களே பாத்து எடுங்க. வீட்டுக்கு வந்து தொட்டியையும் பார்க்கிறேன்" என்றான்.

அக்கா ஒரு ஜோடி வாங்கினார். கப்பி குட்டி போடும் மீன். சில மாதங்களில் அக்கா வீட்டில் 20 குட்டிகள் ஆகிவிட்டன.

தப்பு கடையுடையதாக இருந்தால்?

ஒரு நாள் ஒருவர் பெரிய வாளியோடு வந்தார். வாளிக்குள் கறுப்பாக ஒரு மீன். ஒன்றரை அடி நீளம்.

"இதை விரல் அளவுல குடுத்தீங்க. தொட்டியைச் சுத்தம் பண்ணும்னு சொன்னீங்க. இப்ப தொட்டியே பத்தலை. எடுத்துக்கோங்க. இல்லைன்னா ஏரியில விட்டுடுவேன்!"

அது தொட்டி சுத்தம் செய்யும் மீன் என்று விற்கப்படும் மீன். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பாசியைத் தின்னும். ஆனால் அதுவும் கழிவு விடும். மிகப் பெரிதாக வளரும். இதை நம் ஏரியில் விடவே கூடாது. நம் நாட்டில் பல ஏரிகளிலும் ஆறுகளிலும் இது ஏற்கெனவே பெருகிவிட்டது. நம் ஊர் மீன்களுக்கு இடம் இல்லாமல் செய்கிறது. மீனவர் வலையைக் கிழிக்கிறது.

தம்பி வாதாடவில்லை. "இவ்வளவு பெருசா வளரும்னு நாங்க சொல்லியிருக்கணும் சார். சொல்லாதது தப்புதான்" என்றான். சேட்டிடம் கேட்டு மீனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். வாளியோடு வந்தவரின் கோபம் பாதியாகக் குறைந்துவிட்டது. தப்பை ஒப்புக்கொண்டால் கௌரவம் போய்விடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அன்று கடையில் யாருடைய கௌரவமும் போகவில்லை.

'முடியாது' என்று சொல்ல வேண்டிய நேரம்

வாடிக்கையாளர் கேட்டதை எல்லாம் கொடுக்க முடியாது.

ஒருவர் இரண்டு ஆண் ஃபைட்டர் மீன்களை ஒரே தொட்டியில் விடக் கேட்டார். அவை ஒன்றை ஒன்று கடித்துக் குதறும். தம்பி ஒன்றுதான் கொடுத்தான்.

இன்னொருவர் ரகசியமாகக் கேட்டார்: "கடல் குதிரை கிடைக்குமா? நட்சத்திர ஆமை கிடைக்குமா? எவ்வளவு ஆனாலும் தர்றேன்." இவற்றை விற்பது குற்றம். வாங்குவதும் குற்றம். 1972ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இவற்றைப் பாதுகாக்கிறது. ஜெயிலுக்குப் போக நேரிடும். தம்பி சிரித்துக்கொண்டே, ஆனால் உறுதியாக, "இந்தக் கடையில் கிடையாது சார்" என்றான்.

மற்றொருவர் போனை நீட்டினார். "பணம் அனுப்பிட்டேன், இதோ படம் பார்" என்றார். தம்பி அந்தப் படத்தை நம்பவில்லை. அதைப் போலியாகச் செய்ய முடியும். கடை போனில் பணம் வந்த செய்தி வர வேண்டும். அல்லது கடையில் உள்ள பெட்டி சத்தமாகச் சொல்ல வேண்டும். "ஒரு நிமிஷம் இருங்க சார், வந்துரும்" என்று மரியாதையாக நிற்க வைத்தான். பணம் வரவில்லை. அவர் நழுவிவிட்டார். இதில் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். பணம் நமக்கு வருவதற்கு நாம் ரகசிய எண்ணைப் போட வேண்டியதே இல்லை. யாராவது போடச் சொன்னால் அது ஏமாற்று. போன் வழியாக ஏமாந்துவிட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லலாம்.

ஒரு நாள் ஒருவர் தம்பியைச் சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார். மீன் பிடிக்கக் கொஞ்சம் தாமதம் ஆனது. "தாராவிக்காரன்தானே, உனக்கு என்ன தெரியும்?" என்றார்.

தம்பிக்கு உடம்பு நடுங்கியது. வலையைக் கீழே வைத்தான். குரலை உயர்த்தவில்லை. "சார், மீனைப் பத்தி எது வேணும்னாலும் கேளுங்க. என் ஊரைப் பத்திப் பேச வேண்டாம்" என்றான்.

அப்போது சேட் எழுந்து வந்தார். "என் கடைப் பையனிடம் மரியாதையாகப் பேசினால் மீன் உண்டு. இல்லையென்றால் இல்லை" என்றார். பொறுமை வேறு. அவமானத்தை விழுங்குவது வேறு. வாடிக்கையாளர் முக்கியம்தான். வேலை செய்பவரின் மானமும் முக்கியம். கை நீட்டும் அளவுக்கு யாராவது போனால் தனியாக எதிர்த்து நிற்க வேண்டாம். முதலாளியைக் கூப்பிட வேண்டும். போலீஸ் உதவிக்கு 112.

தம்பி எழுதிய சீட்டு

இத்தனைக்கும் பிறகு தம்பிக்கு ஒரு யோசனை வந்தது. வாயால் சொன்னதை மக்கள் மறந்துவிடுகிறார்கள். எழுதிக் கொடுத்தால் என்ன? இரவு வகுப்பில் கற்ற எழுத்து இருக்கிறதே!

அண்ணாச்சி சொல்லச் சொல்லத் தம்பி எழுதினான்:

1. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வைத்து ஊற்றவும். அல்லது குளோரினை நீக்கும் மருந்து விடவும்.
2. மீன் இருக்கும் பையை 15 நிமிடம் தொட்டியில் மிதக்க விடவும். தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் சேர்க்கவும். பிறகு மீனை மட்டும் வலையில் எடுத்து விடவும்.
3. 2 நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கே தீனி போடவும்.
4. வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றவும். எல்லாத் தண்ணீரையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.
5. ஃபில்டர் பஞ்சைக் குழாயில் கழுவ வேண்டாம். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசவும். தொட்டிக்குச் சோப்பு வேண்டாம்.
6. மீன் சோர்ந்தால் சாகும் வரை காத்திருக்க வேண்டாம். கடைக்குப் போன் செய்யவும்.

சேட் படித்துப் பார்த்தார். தமிழிலும் இந்தியிலும் மராத்தியிலும் அச்சடித்தார். ஒவ்வொரு பில்லோடும் ஒரு சீட்டு. பில்லில் தேதி, மீனின் பெயர், எத்தனை மீன், எத்தனை லிட்டர் தொட்டி என்று எழுதினார்கள்.

பில் கொடுப்பது கடைக்கும் நல்லது, வாங்குபவருக்கும் நல்லது. பில் தர மறுப்பது முறையற்ற வியாபாரம் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. குறையுள்ள பொருளை விற்றுவிட்டுத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பலகை மாட்டிவிட்டால் மட்டும் கடை தப்பிக்க முடியாது. நீங்கள் வாங்கும் இடத்தில் இப்படி நடந்தால் 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம்.

சீட்டு வந்த பிறகு சண்டையே இல்லை என்று சொல்ல முடியாது. படிக்காமல் கசக்கிப் போடுபவர்கள் இருந்தார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் சில மீன்கள் செத்தன. ஆனால் தம்பிக்கு இப்போது பேசத் தெரியும். என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். என்ன தண்ணீர்? எத்தனை லிட்டர்? எத்தனை நாள் ஆயிற்று? எவ்வளவு தீனி? இந்த நான்கு கேள்விகளைக் கேட்கும்போதே எதிரில் நிற்பவரின் குரல் இறங்கிவிடும். தன் பேச்சை ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்று அவருக்குப் புரிந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்துச் செம்பூர்க்காரர் வந்தார். இந்த முறை மகனையும் கூட்டி வந்தார். இரண்டு தங்க மீன்களும் நன்றாக இருக்கின்றனவாம். அவற்றுக்கு 3 அடித் தொட்டி வேண்டும் என்றார். பையன் கண்ணாடித் தொட்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"உனக்காக எடுத்து வெச்ச மூணு மீன் அதோ இருக்கு பார். கொண்டு போறியா?" என்று தம்பி கேட்டான்.

பையன் கல்லாவில் இருந்த சீட்டு ஒன்றை எடுத்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு சொன்னான்: "இன்னைக்கு வேணாம் அண்ணே. பெரிய தொட்டில முதல்ல தண்ணி தயாராகட்டும்."

நண்பர்களே, உங்கள் கடையில் நீங்கள் விற்பது மீனாக இருக்காது. அரிசியாக இருக்கலாம், துணியாக இருக்கலாம். அதை வாங்கிப் போகிறவர் வீட்டில் போய் என்ன தவறு செய்யக்கூடும்? உங்களுக்கு அது தெரியும். அதைப் பொருள் கொடுக்கும் முன்பே ஒரு வார்த்தை சொல்லுங்கள். முடிந்தால் ஒரு சீட்டில் எழுதியும் கொடுங்கள்.